பழைய கட்டில், பழைய அலமாரி: எதற்குப் பாலிஷ், எதற்கு வார்னிஷ், எதற்குப் பெயிண்ட்?

படுக்கையறைக்குப் பழைய மரச்சாமான் வாங்கிப் புதுப்பிக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: பாலிஷ் நல்லதா, பெயிண்ட் நல்லதா? நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு கட்டில், ஒரு துணி அலமாரி, கண்ணாடி வைத்த டிரஸ்ஸிங் டேபிள், கட்டிலுக்குப் பக்கத்தில் போட ஒரு சின்ன மேசை என்று நான்கு சாமான்கள், நான்கு வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்தவை. எல்லாம் ஒரே ஜோடி மாதிரித் தெரியவேண்டும் என்ற ஆசையில் நான்குக்கும் ஒரே பிரெஞ்சு பாலிஷைப் போட்டேன், அதாவது ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கு. முடித்த அன்று அறையே ஜொலித்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அலமாரி மட்டும் அப்படியே இருக்கிறது. கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் தலை சாயும் இடம் பிசுபிசுக்கிறது, சின்ன மேசையில் தம்ளர் வைத்த இடமெல்லாம் வெள்ளை வளையம், டிரஸ்ஸிங் டேபிளில் சென்ட் சொட்டிய இடத்தில் பூச்சு கரைந்து பள்ளமாகிவிட்டது. பாலிஷைக் குறை சொல்ல முடியாது. அலமாரியைத் தொடுவது விரல் மட்டும். மற்ற மூன்றின்மேல் வியர்வையும் சூடும் ஸ்பிரிட்டும் படுகின்றன, அரக்கு இந்த மூன்றையும் தாங்காது.

அதனால் இப்போது எந்தச் சாமானைப் பார்த்தாலும் நான் முதலில் யோசிப்பது, இதன்மேல் தினமும் என்ன படும் என்பதைத்தான். அது தெரிந்துவிட்டால் எந்த டப்பாவைத் திறப்பது என்பதில் பாதிக் குழப்பம் போய்விடும்.

உரிப்பதா, துடைப்பதா

பழைய பூச்சை முழுக்க உரித்துவிட்டு மரத்திலிருந்து தொடங்குவது ஒரு வழி, இருக்கிற பூச்சைச் சுத்தம் செய்து காப்பாற்றுவது இன்னொரு வழி. பலர் யோசிக்காமலே உரிப்பதில் இறங்கிவிடுகிறார்கள், எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். கறுத்து உயிரில்லாமல் நிற்கும் அலமாரிகள் பலவற்றில் பூச்சு நன்றாகவே இருக்கும், மேலே பல வருடக் கை அழுக்கும் பழைய மெழுகும் ஏறியிருக்கும், அவ்வளவுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் துலக்கும் சோப்பு விட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் ஒரு தடவை துடையுங்கள். காய்ந்ததும் மினரல் டர்பண்டைன் தொட்ட துணியால் இன்னொரு தடவை. சோப்புத் தண்ணீர் வியர்வை அழுக்கை எடுக்கும், டர்பண்டைன் எண்ணெய்ப் பிசுக்கையும் மெழுகையும் எடுக்கும், இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. என் அலமாரிக் கதவை இப்படித் துடைத்தபோது கறுப்புக்கு அடியிலிருந்து தேன் நிற ரேகை வந்தது. அதை உரிக்கவே இல்லை.

துடைத்த பிறகும் பூச்சு செதில் செதிலாக உதிர்ந்தால், முதலைத் தோல் மாதிரி வெடித்திருந்தால், காய்ந்தும் கையில் ஒட்டினால், அப்போது உரிக்கத்தான் வேண்டும்.

உரிக்குமுன் அது என்ன பூச்சு என்று தெரிந்துகொள்ளுங்கள். கண்ணில் படாத ஓரிடத்தில், காலின் உட்பக்கத்தில், ஸ்பிரிட் தொட்ட பஞ்சை ஒரு நிமிடம் வையுங்கள். பூச்சு இளகி ஒட்டினால் அது அரக்கு. இளகாவிட்டால் லாக்கர் தின்னர் வைத்துப் பாருங்கள், அதில் இளகினால் லாக்கர் எனும் பூச்சு. இரண்டுக்கும் அசையாவிட்டால் சாதாரண வார்னிஷ் அல்லது பாலியூரிதேன் வார்னிஷ். அரக்கு என்று தெரிந்தால் நிம்மதி, ஸ்பிரிட்டிலேயே முழுதும் கழுவி எடுத்துவிடலாம், லேசான வெடிப்பாக இருந்தால் தூரிகையில் ஸ்பிரிட் தொட்டு மேலே ஓட்டினாலே பழைய பூச்சு இளகி மறுபடியும் ஒன்றுசேரும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை உண்டு. சாமானை அறைக்குள் கொண்டுபோகாமல் வெளியிலேயே வைத்துக் கவிழ்த்துப் பாருங்கள். ஊசித் துளைகளுக்குக் கீழே மாவு மாதிரி புதுத்தூள் கொட்டியிருந்தால் மரத்தைத் தின்னும் உளு இன்னும் உயிரோடு இருக்கிறது. பொருத்துகளிலும் திருகாணித் துளைகளிலும் கட்டில் பலகைகளின் அடியிலும் மையால் குத்தினாற்போல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. படுக்கையறைக்குப் போகிற சாமானில் இதைப் பார்க்காமல் விட்டால் மேலே என்ன பூச்சு அடித்தும் பயனில்லை.

உப்புத்தாள், ரிமூவர், ஹீட் கன்

உப்புத்தாள் எல்லோரிடமும் இருப்பது, பயமில்லாதது மாதிரித் தெரிவது, ஆனால் சாமானை அதிகம் கெடுப்பதும் அதுதான் என்பேன். காரணம் வெனீர். பழைய டிரஸ்ஸிங் டேபிளும் அலமாரிக் கதவும் முழு மரமாக இருக்கவேண்டும் என்பதில்லை, சாதாரண மரத்தின் மேலோ பிளைவுட்டின் மேலோ நல்ல மரத்தின் மெல்லிய தோலை ஒட்டியிருப்பார்கள். இன்றைய வெனீர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதன்மேல் உப்புத்தாள் மெஷின் வைத்தால் மூலையில் ஒரு நொடி கூடுதலாக நின்றாலும் தோல் போய் அடிமரம் வெளுப்பாகத் தெரியும், அதை மறைக்க எந்தப் பாலிஷாலும் முடியாது. என் டேபிளின் இடது மூலையில் அப்படி ஒன்று இருக்கிறது. வெனீரா என்று பார்க்க விளிம்பைக் கவனியுங்கள்: மேற்பலகையின் ரேகை விளிம்பைத் தாண்டிப் பக்கவாட்டில் தொடர்ந்தால் முழு மரம், விளிம்போடு நின்று வேறு ரேகையோ அடுக்கடுக்கான கோடோ தெரிந்தால் வெனீர்.

முழு மரம் என்றால் உப்புத்தாள் தாராளமாகப் போடலாம். 80 அல்லது 100 நம்பர் சொரசொரப்பான தாளில் தொடங்கி 120, 150, 220 என்று படிப்படியாக ஏறவேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் முன்பு விழுந்த கீறல் போகாமல் நின்று, நிறம் ஏற்றும்போது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். ரேகை போகிற வழியிலேயே தேய்க்கவேண்டும், குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் தெரியும். பலகை முழுக்கப் பென்சிலால் லேசாகக் கோடு போட்டுக்கொண்டு அது மறையும் வரை தேய்த்தால் எங்கும் விடுபடாது.

கடைசல் கால், செதுக்கு வேலை, வெனீர் மூன்றுக்கும் பூச்சை இளக்கி எடுக்கும் ரிமூவர்தான் பொருத்தம். கெட்டியாகப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி, காயவிடாமல் ஊறவைத்தால் பூச்சு கூழாகி வந்துவிடும், மரம் துளியும் குறையாது. அழுக்கான வேலைதான், ஆனாலும் செதுக்கின் கூர்மை அப்படியே நிற்பதைப் பார்க்கும்போது அந்த அலுப்பு போய்விடும். டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். மூடிய அறையில் அதன் ஆவியைச் சுவாசித்தே ஆட்கள் இறந்திருக்கிறார்கள், அமெரிக்காவில் 2019இல் வீட்டு உபயோக ரிமூவர்களில் அதைத் தடை செய்தார்கள். மெதுவாக வேலை செய்யும் ரிமூவர்கள் இருக்கின்றன, ஒரு ராத்திரி காத்திருந்தால் என்ன? காஸ்டிக் சோடா மலிவு என்று அதில் முக்கி எடுப்பதும் வேண்டாம், மரம் கறுக்கும், பொருத்துகளின் பசை விடும்.

சூடான காற்றை ஊதும் ஹீட் கன் ஐந்தாறு அடுக்குப் பெயிண்ட் ஏறிய தட்டையான முழு மரத்துக்கு மட்டும். வெனீரில் காட்டினால் பசை இளகிக் கொப்புளம் கிளம்பும், கண்ணாடி பக்கம் காட்டினால் விரிசல் விடும்.

பெயிண்ட் ரொம்பப் பழசு என்றால் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 1978இல்தான் தடுத்தார்கள். அப்படிப்பட்ட சாமானில் உலர்ந்த உப்புத்தாளும் கூடாது, சூடும் கூடாது, ரிமூவரால் ஈரமாகவே எடுக்கவேண்டும். குழந்தை தூங்கும் அறைக்கு என்றால் சோதிக்காமல் தொடவே வேண்டாம்.

நான்கு பூச்சுகள், நேருக்கு நேர்

அவலரக்குப் பாலிஷின் அழகு மற்ற எதற்கும் வராது. மரத்தின் ஆழம் தெரியும், ஒரு கோட் ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும், ஸ்பிரிட் வாசனை சீக்கிரம் போய்விடும், பிறகு எங்காவது கெட்டால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம், புதுக் கோட் பழையதோடு கரைந்து ஒட்டும். பலவீனம் என்னவென்று மேலேயே சொன்னேன்: தண்ணீர், சூடு, ஸ்பிரிட், வியர்வை. கரைத்து வைத்த பாலிஷ் நாள்பட்டால் சரியாகக் கெட்டிப்படாது, வேலைக்கு வேண்டிய அளவே கரைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயும் மெழுகும், அதாவது ஆளிவிதை எண்ணெய், டங் ஆயில், மேலே தேன்மெழுகு, கைக்கு இதமானவை. மரத்தைத் தொடுகிற உணர்வு அப்படியே இருக்கும், தூரிகைத் தடம், தூசி என்று எந்தக் கவலையும் கிடையாது, துணியில் தொட்டுத் தேய்த்து மிச்சத்தைத் துடைத்தால் வேலை முடிந்தது. பாதுகாப்பு குறைவு, ஒவ்வொரு கோட்டும் காய ஒரு நாளாவது ஆகும், வருடத்துக்கு ஒருமுறை மறுபடி தேய்க்கவேண்டி வரும். அப்புறம் அந்த எண்ணெய்த் துணி. அதைச் சுருட்டி மூலையில் போட்டால் காயும்போது வரும் சூட்டில் தானாகவே தீப்பிடிக்கும், கட்டாயம் வெளியே விரித்துக் காயப்போடுங்கள் அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். இதை யாருக்குச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்வேன்.

பாலியூரிதேன் வார்னிஷ்தான் நால்வரில் உழைப்பாளி. தண்ணீர், சூடான காபி, சென்ட் எல்லாவற்றுக்கும் மற்ற மூன்றைவிட நன்றாகத் தாங்கும். எண்ணெய் அடிப்படையில் வருவது மஞ்சள் சாயலோடு கனிந்து தெரியும், கோட்டுக்கு ஒரு நாள் விடவேண்டும், வாசனை பல நாள் நிற்கும். தண்ணீர் அடிப்படையில் வருவது நிறமில்லாமல் இருக்கும், இரண்டு மூன்று மணி நேரத்தில் அடுத்த கோட் போடலாம், வாசனையும் குறைவு. ஆனால் முதல் கோட்டில் மரத்தின் நார் எழும்பிச் சொரசொரக்கும், அதனால் அடிக்குமுன் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு 220இல் லேசாக ஒரு தேய் தேய்த்துவிடுங்கள். குறை என்றால் ரிப்பேர்தான். அரக்கைப் போல ஒரு மூலையை மட்டும் தொட்டுச் சரிசெய்ய வராது, அந்தப் பலகை முழுவதையும் தேய்த்துத் திரும்ப அடிக்கவேண்டும்.

பெயிண்ட் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. வெனீர் உரிந்து பட்டி வைத்த சாமான், ஒன்றுக்கொன்று சேராத மரங்களால் செய்த சாமான், சாதாரண மென்மரம், இவற்றுக்கு அதுதான் சரி, அறையும் வெளிச்சமாகும். நல்ல ரேகையுள்ள தேக்கையோ ஈட்டி மரத்தையோ பெயிண்டில் மூடுவது என்னால் தாங்க முடியாத காட்சி, ஏனென்றால் மரத்தின் துளைகளுக்குள் போன பெயிண்டைப் பிறகு முழுசாக எடுக்கவே முடியாது. அடித்தே ஆகவேண்டும் என்றால் கீழே ஒரு கோட் அரக்குப் போட்டுவிட்டு அடியுங்கள். பின்னால் வருகிறவர் உரிக்க நினைத்தால் சுலபமாக வரும், மரத்தின் சாயமும் வெள்ளைப் பெயிண்ட் வழியாகப் பழுப்பாகக் கசியாது. மெழுகு நீக்கிய அரக்காக இருக்கட்டும், சாதாரண அரக்கில் உள்ள மெழுகின்மேல் பெயிண்டோ பாலியூரிதேனோ சரியாகப் பிடிக்காது.

எங்கே எது

கட்டிலின் தலைமாட்டுக்குப் பாலியூரிதேன், அதுவும் தண்ணீர் அடிப்படையில் வருவது, மூக்குக்குப் பக்கத்தில் இருக்கிற பலகை அது. கால்மாடும் பக்கச் சட்டமும் எண்ணெய் மெழுகில் அழகாக இருக்கும். சின்ன மேசையின் மேற்பலகைக்குப் பாலியூரிதேன் மூன்று கோட், இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. டிரஸ்ஸிங் டேபிளுக்கும் அதுதான், ஆனால் நெயில் பாலிஷ் எடுக்கும் திரவம் கொட்டினால் உடனே துடைத்துவிடுங்கள், அதில் அசிட்டோன் இருந்தால் எந்தப் பூச்சுக்கும் ஆபத்துதான். அலமாரிக்கு அரக்குப் பாலிஷ். நான் இரண்டாவது முறை இப்படித்தான் செய்தேன், மூன்று வருடமாக நிற்கிறது.

வேறு வேறு பூச்சு போட்டால் அறை கதம்பமாகத் தெரியாதா என்று கேட்கலாம். கண்ணுக்கு முதலில் தெரிவது நிறமும் பளபளப்பும்தான். எல்லாவற்றையும் மங்கலான பளபளப்பிலேயே முடித்துவிட்டு, வெளுப்பாக இருக்கும் சாமானுக்கு மட்டும் கொஞ்சம் நிறம் ஏற்றினால் போதும். அதையும் முதலில் பலகையின் அடிப்பக்கத்தில் போட்டுப் பார்த்து, மேலே ஒரு கோட் பூச்சும் அடித்த பிறகு ஒப்பிடுங்கள், பூச்சு ஏறியதும் நிறம் ஆழமாகிவிடும். தேக்கும் ஈட்டியும் எண்ணெய்ப்பசை உள்ள மரங்கள் என்பதால் பூச்சுக்குமுன் தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வார்னிஷ் காயாமல் இழுத்தடிக்கும்.

டிராயரின் உள்பக்கத்துக்கும் துணி அலமாரியின் உள்தட்டுகளுக்கும் எண்ணெயோ எண்ணெய் வார்னிஷோ அடிக்கவே கூடாது. மூடிய இடத்தில் அந்த வாசனை மாதக்கணக்கில் அடங்காது, துணியிலும் ஏறிவிடும். அங்கே ஒன்று வெறும் மரமாக விடுங்கள், அல்லது மெல்லிய அரக்கு ஒரே கோட், பழைய வீட்டு வாடையையும் அது அடக்கிவிடும். டிராயர் ஓடும் சட்டத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் பிடிக்காமல் ஓடும்.

பாலியூரிதேனும் பெயிண்டும் தொட்டால் காய்ந்தது மாதிரி இருந்தாலும் முழுசாகக் கெட்டிப்பட மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை மேசைமேல் கனமான விளக்கு வேண்டாம், டேபிள்மேல் பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம், அறையின் ஜன்னல் பகலெல்லாம் திறந்தே இருக்கட்டும். முடிந்தால் அந்த வாரங்களில் வேறு அறையில் தூங்குங்கள்.