மீன் கிடங்கில் ஆசியக் கலை: லிஸ்பனின் ஓரியன்டே அருங்காட்சியகம்

லிஸ்பனின் அல்காந்தரா துறைமுகப் பகுதியில் நிற்கும் ஓரியன்டே அருங்காட்சியகத்தை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, அது கலைக்கூடம் என்று தோன்றுவது கடினம். போர்ச்சுகல் மக்கள் விரும்பி உண்ணும் உப்பிட்ட காட் மீனைச் சேமிப்பதற்காக, 1930களின் இறுதியில் ஜுவாவ் சிமோயிஷ் வடிவமைத்த கிடங்கு அது. மீன் கிடங்குக்கு ஜன்னல் எதற்கு? நீண்ட சுவரும் அதில் பராத்தா ஃபேயோவின் புடைப்புச் சிற்பங்களுமே முகப்பு. ஓரியன்டே அறக்கட்டளை இதனைப் புதுப்பித்து 2008 மே மாதத்தில் திறந்தது. வெளிச்சம் பட்டால் நிறம் மங்கிவிடும் பட்டுக்கும் தோலுக்கும் காகிதத்துக்கும் இதைவிடப் பொருத்தமான கட்டடம் அமைவது அரிது; ஆனால் கறுப்புச் சுவர்களுக்கிடையே நடக்கும்போது இருட்டு சற்று அதிகமோ என்று எனக்குத் தோன்றியது.

முதல் தளம் ஆசியாவில் போர்ச்சுகீசியரின் இருப்பைச் சொல்கிறது. தந்தத்தில் செதுக்கிய கிறித்தவ உருவங்கள், போர்ச்சுகீசியக் குடும்பச் சின்னங்கள் பொறித்த சீனப் பீங்கான்கள் என எல்லாம் அழகானவைதான். இருப்பினும், செய்த கைவினைஞரைவிட வாங்கிச் சென்றவரே இங்கு முன்னால் நிற்கிறார். விதிவிலக்கு, ஜப்பானிய நம்பான் (தெற்கிலிருந்து வந்த அந்நியர் என்று ஐரோப்பியரைக் குறித்த ஜப்பானியச் சொல்) மடிப்புத் திரை: தங்கப் பின்னணியில், உப்பிய காற்சட்டையும் நீண்ட மூக்குமாகக் கரையிறங்கும் அந்நியரை ஜப்பானிய ஓவியர் வியப்போடும் சிறிது குறும்போடும் தீட்டியிருக்கிறார். 1923 முதல் 1925 வரை குடியரசுத் தலைவராக இருந்த தெய்ஷெய்ரா கோமிஷ் சேகரித்த சீன மூக்குப்பொடிக் குப்பிகளும் இங்கே உள்ளன.

என் பரிந்துரை இரண்டாம் தளம். ஹாங்காங்கைச் சேர்ந்த குவோக் ஓனின் பெயரைத் தாங்கி, பாரிஸில் வளர்ந்து, பின்னர் இந்த அறக்கட்டளைக்கு வந்துசேர்ந்த தொகுப்பில், துருக்கியிலிருந்து ஜப்பான் வரையிலான நிகழ்த்துகலைப் பொருள்கள் பத்தாயிரத்துக்கும் மேல் இருப்பதால், அவற்றைத் தலைப்பு வாரியாக மாற்றி மாற்றியே காட்சிக்கு வைக்கிறார்கள். தோல்பாவைக்கூத்து பார்த்து வளர்ந்த தமிழருக்கு நிழற்பாவைகள் தனி ஈர்ப்பு. சீனப் பாவைகள் சிறியவை. ஊசிமுனை வேலைப்பாடு கொண்டவை. ஜாவாவின் வயாங் பாவைகள் எருமைத் தோலால் ஆனவை. கைகள் மெலிந்து நீண்டிருக்கும். நம் ஆந்திரப் பாவைகளோ ஆளுயரத்தை நெருங்குபவை. சாயம் ஏற்றிய தோலின் வழியே விளக்கொளி வண்ணமாகவே திரையில் விழும். ஒரே கலை ஊருக்கு ஊர் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை இத்தொகுப்பு விளக்கமில்லாமலே உணர்த்துகிறது.

நேரம் குறைவாக இருப்பவர்கள் இரண்டாம் தளத்திலிருந்து தொடங்கிக் கீழே இறங்கலாம். திங்கட்கிழமை விடுமுறை, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பின் நுழைவுக் கட்டணம் இல்லை. அல்காந்தரா-மார் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம்.