மெட்ரோ 2033 ரிடக்ஸ்: நாலு வருஷம், மூணு தடவ

ரங்கூன்ல எங்க ஏரியாவுல நாலு மணி நேரம் கரண்டு இருந்தா அடுத்த நாலு மணி நேரம் இருக்காது, அந்த இருட்டுல பழைய லேப்டாப் பேட்டரி தீர்ற வரைக்கும் நான் விளையாடுறது மெட்ரோ 2033 ரிடக்ஸ்தான். உக்ரைன்காரங்க 4ஏ கேம்ஸ் 2010-ல பண்ணது, 2014-ல மெருகேத்தி ரிடக்ஸ்னு விட்டாங்க.

கதைப்படி 2013-ல அணுகுண்டுப் போர்ல மாஸ்கோ அழிஞ்சிடுது, தப்பிச்சவங்க சுரங்க ரயில் ஸ்டேஷன்லயே இருபது வருஷமா குடும்பம் நடத்துறாங்க. ஒரு பக்கம் கம்யூனிஸ்ட், ஒரு பக்கம் நாஜி, நடுவுல வியாபாரம் பண்ற ஹான்ஸாங்கற கூட்டணி. டார்க் ஒன்ஸ்ங்கற ஜீவன்கள் தன் ஸ்டேஷன அழிச்சிடும்னு பயந்து உதவி கேட்டுக் கெளம்புறான் ஹீரோ அர்த்யோம், அவனாத்தான் நாம விளையாடுறோம்.

அங்க நோட்டெல்லாம் கிடையாது, போருக்கு முன்னாடி செஞ்ச நல்ல தோட்டாதான் காசு. மாட்டிக்கிட்டா அந்தக் காசையே துப்பாக்கில போட்டுச் சுடலாம், ஆனா ஒவ்வொண்ணா போகும்போது வயிறு பதறும். 1964-ல இங்க 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு சொன்னப்ப தாத்தா ட்ரங்குப்பெட்டியத் தெறந்து வச்சுக்கிட்டு விடியுற வரைக்கும் உக்காந்திருந்தாராம், அதக் கேட்டு வளர்ந்தவனுக்கு இது வெறும் கேமா தெரியல.

மேல தரைக்குப் போனா காத்து விஷம், மூஞ்சில மாட்டுற கேஸ் மாஸ்க் ஃபில்டர் எவ்ளோ நேரம் தாங்கும்னு கைக்கடிகாரம் காட்டும், கண்ணாடில ரத்தம் தெறிச்சா கையால தொடைக்கணும், டார்ச் மங்கினா சார்ஜர அமுக்கி அமுக்கி ஏத்தணும். கரண்டு இல்லாத ரூம்ல ஹெட்ஃபோன் போட்டு அந்த மூச்சுச் சத்தத்தக் கேட்டுப் பாருங்க!

மொத தடவ டார்க் ஒன்ஸ் மேல ஏவுகணை விழுந்துச்சு, ஜெயிச்சிட்டோம்னு சந்தோஷமா படுத்துட்டேன். இன்னொரு முடிவு இருக்குன்னு ரொம்ப நாள் கழிச்சு தம்பி சொல்லித்தான் தெரியும். பிச்சை கேக்குறவருக்கு ஒரு தோட்டா குடுக்குறது, ஜனங்க பேசுறத நின்னு கேக்குறது, சரணடைஞ்சவன விட்டுடுறது, எல்லாத்தையும் கேம் சத்தமில்லாம எண்ணிக்கிட்டே வருது, திரை லேசா மினுங்கும், அவ்ளோதான். அந்தக் கணக்க வச்சுத்தான் இன்னொரு முடிவுக்கு வழி தெறக்கும். மூணாவது தடவ அவசரப்படாம போனேன். மாஸ்கோவோட டிவி கோபுரம் ஒஸ்தான்கினோ டவர் உச்சில ஏவுகணைக்குக் குறி காட்டுற கருவிய சுடுறதுக்கு சில நொடிதான் கெடைக்கும், சுட்டுட்டேன். டார்க் ஒன்ஸ் சண்டைக்கு வரல, பேசத்தான் வந்திருக்காங்க, அந்தப் பேச்ச நம்ம மூளை தாங்கல. மொத தடவ நான் யாரக் கொன்னேன்னு அப்பத்தான் ஒறைச்சுது.

அடுத்த பாகம் லாஸ்ட் லைட் ஏவுகணை விழுந்த முடிவுலேர்ந்துதான் தொடங்குது, டார்க் ஒன்ஸ்ல மிஞ்சின ஒரே ஒரு குட்டியத் தேடிப் போறான் அர்த்யோம். டவுன்லோட் போட்டிருக்கேன், கரண்டு வர்றப்பல்லாம் கொஞ்சம் கொஞ்சமா எறங்குது.