கோலாலம்பூரில் ஒரு பழைய ஃபெராரி எஃப்430: வாங்கியதும் வைத்திருப்பதும்

பழைய ஃபெராரியை வாங்கிக் கோலாலம்பூரில் வைத்து ஓட்ட முடியுமா, கட்டுப்படியாகுமா என்று வேலையிடத்திலும் கல்யாண வீட்டிலும் பலர் கேட்டுவிட்டார்கள். முடியும் என்பதுதான் என் பதில். ஆனால் அதை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் ஓடுகிற காரைவிட நிற்கிற கார்தான் சீக்கிரம் கெடுகிறது. வாங்கப் போகும்போதும் இதை வைத்துத்தான் காரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

என்னுடையது எஃப்430. 2006ஆம் ஆண்டுத் தயாரிப்பு. பிரிட்டனில் ஓடி, 2010இல் ரீகோன் காராக, அதாவது இறக்குமதியான பழைய காராக, இங்கே வந்து பதிவானது. நான் வாங்கியது 2022இல். அதற்கு முன் நான் வைத்திருந்ததெல்லாம் சாதாரண ஜப்பானியக் கார்கள்தான்.

முதலில் எந்த மாடல் என்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் பழைய வி8 ஃபெராரி தேடினால் 355, 360 மோடெனா, எஃப்430 மூன்றும் கண்ணில் படும். 355க்கு, எஞ்சினின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்ற எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும். 360இல் இறக்க வேண்டாம், ஆனால் பெல்ட் உண்டு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றித்தான் ஆக வேண்டும். 2004இல் பாரிஸ் கண்காட்சியில் வந்த எஃப்430இல் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின். 4,308 சிசி, 490 குதிரைத்திறன், 8,500 ஆர்பிஎம்மில் உச்சம். 360இன் உருவம் இன்னும் அழகு என்று சொல்பவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான். ஆனாலும் முதல்முறை வாங்குகிறவருக்குப் பெல்ட் கவலை இல்லாத கார் நல்லது என்று எஃப்430ஐ எடுத்தேன்.

பார்த்தவற்றில் இரண்டு கார்கள் கடைசிவரை மனதில் நின்றன. ஒன்று கண்ணாடிபோலப் பளபளத்தது, மிகக் குறைவாக ஓடியது. இன்னொன்று அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஓடியிருந்தது, முன் பம்பரில் கல் பட்ட தடங்கள் இருந்தன. ஆனால் அதனுடன் தடிமனான ஒரு கோப்பு வந்தது. கட்டுமானச் செலவு மதிப்பீடுதான் என் தொழில், பில்லும் ரசீதும் படிப்பதுதான் அன்றாட வேலை. அதனால் அந்தக் கோப்பை வீட்டுக்கு வாங்கி வந்து நிதானமாக உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு ஆண்டும் எண்ணெய் மாற்றியிருக்கிறார்கள், பிரேக் திரவம் மாற்றியிருக்கிறார்கள், கிளட்ச் எப்போது மாறியது, அப்போது மீட்டரில் என்ன இருந்தது, எல்லாம் இருந்தது.

பளபளத்த காரின் டயர் ஓரத்தில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பார்த்தேன். முதல் இரண்டு இலக்கம் வாரம், பின்னிரண்டு ஆண்டு. ஆண்டு 2013. அந்த டயரில் பட்டைகள் இன்னும் நன்றாகவே இருந்தன, அதாவது வருடக்கணக்கில் அந்தக் கார் அசையவே இல்லை. 2020 மார்ச்சில் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இப்படி நின்றுபோன கார்கள் நிறைய. எண்ணெய்ச் சீல்கள் காய்ந்திருக்கும், பெட்ரோல் தொட்டிக்குள்ளேயே பழையதாகியிருக்கும், ரப்பர் ஹோஸ் வெடிப்பு விட்டிருக்கும். தோட்டத்தில் லோரி ஓட்டிய என் அப்பா என்னோடு வந்திருந்தார். இரண்டையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது ஓடின வண்டிம்மா, இதையே எடு" என்று கோப்பு இருந்த காரைக் காட்டினார். ஓடிய தூரம் அதிகம் என்பதால் விலையும் குறைவு.

பிரிட்டனிலிருந்து வந்த கார் என்றால் ஒரு நல்ல வசதி உண்டு. அங்கே மூன்று வயதான கார்களுக்கு ஆண்டுதோறும் எம்ஓடி என்ற சோதனை கட்டாயம். பழைய பிரிட்டிஷ் பதிவு எண் தெரிந்தால் அந்தச் சோதனைகளின் முடிவையும் அன்று மீட்டர் காட்டிய தூரத்தையும் இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். விற்பவரிடம் பழைய எண்ணைக் கேளுங்கள். அங்கே தூரம் மைலில், இங்கே கிலோமீட்டரில். மீட்டரை மாற்றியபோது எண்ணைச் சரியாகப் பெருக்கினார்களா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். என் காரில் பொருந்தியது. இன்னொன்று, பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். காரின் சேசிஸ் அலுமினியம் என்பதால் துரு இல்லை என்று விட்டுவிடாமல், காரை மேலே தூக்கி அடியில் உள்ள இரும்புப் போல்ட்டுகளையும் பிடிப்புகளையும் பார்க்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு ஒர்க்‌ஷாப்பில் காரைச் சோதிக்கக் கொடுத்தேன். பழைய கார் வாங்கும்போது காந்தத்தை வைத்து பட்டி பூசியிருக்கிறார்களா என்று பார்க்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இதன் உடல் அலுமினியம், காந்தம் எங்குமே ஒட்டாது. அதனால் அலுமினியத்திலும் வேலை செய்யும் பெயின்ட் கனமானியால் அளந்தார்கள். எஞ்சினின் எட்டு சிலிண்டரிலும் காற்றழுத்தம் விட்டுக் கசிவு பார்த்தார்கள். கணினியை இணைத்துக் கிளட்ச் எத்தனை விழுக்காடு தேய்ந்திருக்கிறது என்று படித்தார்கள். இந்த ஒரு எண்ணுக்காகவே சோதனைக்குக் கொடுக்கலாம். கிளட்ச் மாற்ற எனக்குக் கிடைத்த விலைப்புள்ளிகள் எல்லாமே இருபதாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். எனவே அந்த விழுக்காட்டை வைத்துத்தான் விலை பேசினேன்.

காகித வேலை வழக்கம்போலத்தான்: வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமில் உரிமை மாற்றச் சோதனை, பிறகு சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே. கிராண்டில் (பதிவுச் சான்றிதழில்) இருக்கும் தயாரிப்பு ஆண்டையும் பதிவு ஆண்டையும் தனித்தனியாகப் பாருங்கள், ரீகோன் காரில் இரண்டும் ஒன்றாக இருக்காது. சுங்க வரி கட்டிய ஆவணம் இல்லாத காரை எந்த விலைக்குத் தந்தாலும் தொடக்கூடாது.

ரோட் டேக்ஸ் தீபகற்பத்தில் 3,000 சிசி வரை 2,130 வெள்ளி, அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4.50 வெள்ளி. இந்தக் காருக்கு ஆண்டுக்கு 8,016 வெள்ளி வருகிறது. இது தனியாள் பெயரில். நிறுவனத்தின் பெயரில் பதிந்தால் இரண்டு மடங்குக்கும் மேல். காப்புறுதியில் எனக்குப் பழைய காரில் சேர்ந்திருந்த 55 விழுக்காடு என்சிடி (இழப்பீடு கேட்காததற்கான தள்ளுபடி) கைகொடுத்தது, அதை இந்தக் காருக்கு மாற்றிக்கொண்டேன். சந்தை மதிப்பில் எடுக்காமல், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பில் எடுத்தேன். வெள்ளத்துக்கான கூடுதல் பாதுகாப்பையும் சேர்த்தேன். அது அடிப்படைக் காப்புறுதியில் வராது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா பக்கம் கார்கள் நின்ற கோலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழை கறுத்தால் நான் காரை எடுப்பதில்லை. வெளியே மாட்டிக்கொண்டால் மேடான இடமாகப் பார்த்துக் காத்திருக்கிறேன்.

சரி, ஓட்டுவது எப்படி?

என் காரில் இருப்பது எஃப்1 கியர்பாக்ஸ். காலில் கிளட்ச் பெடல் இல்லை, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு பேடில்கள். ஆனால் இது ஆட்டோ கியர் அல்ல. உள்ளே சாதாரண கிளட்ச்தான் இருக்கிறது, அதை ஹைட்ராலிக் அழுத்தம் இயக்குகிறது. ஆட்டோ கார் ஓட்டுவதுபோல நெரிசலில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால், ஒவ்வொரு நகர்விலும் கிளட்ச் தேய்கிறது. எல்டிபி நெடுஞ்சாலையில் மாலை ஆறு மணிக்கு இதை எடுத்துக்கொண்டு போவது காரைத் தண்டிப்பது. முன்னால் இடம் விட்டுக் காத்திருந்து, பிறகு ஒரே சீராகப் போக வேண்டும். சிக்னலில் நின்றால் இரண்டு பேடிலையும் சேர்த்து இழுத்து நியூட்ரலுக்கு வந்துவிடுவேன். ஏற்றத்தில் எக்ஸலரேட்டரை லேசாக மிதித்தே காரை நிறுத்தி வைக்கக்கூடாது, பிரேக்தான். ரிவர்ஸில் ஏற்றம் ஏறுவது எல்லாவற்றிலும் மோசம். அதனால் என் கோண்டோவில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசித் தரைத்தளத்தில் சமமான பார்க்கிங்கை மாற்றி வாங்கினேன். இப்படியே ஓட்டியதில், வாங்கியபோது படித்த கிளட்ச் எண் மிக மெதுவாகவே ஏறியிருக்கிறது.

குடியிருப்புத் தாமான்களில் இருக்கும் வேகத்தடைகளைச் சாய்வாக ஏறுகிறேன். பேரங்காடிகளின் சரிவுகளில் முன்பக்கம் உரசும், முன்பக்கத்தை உயர்த்தும் வசதி என் காரில் இல்லை. எந்தக் கார் பார்க்கில் இறங்கலாம் என்பதை முதலில் வீட்டுக் காரில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

இந்த ஊர் வெப்பம் இந்தக் காரை என்ன செய்கிறது என்பதை விரிவாகவே சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் பொத்தான்களுக்கும் கைப்பிடிகளுக்கும் மேல் மெல்லிய ரப்பர் பூச்சு இருக்கிறது. பல வருட வெயிலுக்குப் பிறகு அது இளகி, தொட்டால் பிசின்போல விரலில் ஒட்டும். இந்தக் காலத்து இத்தாலியக் கார்களில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கரைப்பான் போட்டுத் தேய்த்தால் பொத்தானில் இருக்கும் குறியீடும் சேர்ந்து போய்விடும். ஒவ்வொன்றாகக் கழற்றி, பூச்சை எடுத்து, மறுபடி வண்ணமும் குறியீடும் போட்டுத் தருகிறவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறார்கள். நானும் செய்துகொண்டேன், அதற்குப் பிறகு ஒட்டவே இல்லை. டேஷ்போர்டின் தோலும் வெயிலில் சுருங்கி, முன் கண்ணாடி ஓரத்திலிருந்து விலகும். கூரையுள்ள இடம், கண்ணாடிக்கு மறைப்பு, நல்ல வெப்பத் தடுப்புத் தாள், இவை மூன்றும் வேண்டும். தாள் ஒட்டும்போது ஜேபிஜே அளவை மறக்காதீர்கள்: முன் கண்ணாடியில் 70 விழுக்காடு, முன் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வர வேண்டும்.

பேட்டரி அடுத்த கவலை. நிறுத்திய கார் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், பேட்டரி இறங்கினால் டேஷ்போர்டில் பொருளில்லாத எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரியத் தொடங்கும். சார்ஜரை இணைத்து வைக்கலாம், ஆனால் கோண்டோ கார் பார்க்கில் மின்சாரம் எங்கே? நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்து, தனி மீட்டரோடு ஒரு ப்ளக் வாங்கினேன். மாதம் சிறு தொகை கட்டுகிறேன்.

ரிப்பேர் என்று பார்த்தால், வாங்கியவுடன் செய்த வேலைகளே முக்கியம். கியர்பாக்ஸின் ஹைட்ராலிக் பம்பை இயக்கும் ரிலே (சிறு மின் சுவிட்சு) பழையதாகி ஒட்டிக்கொண்டால் பம்ப் நிற்காமல் ஓடி எரிந்துபோகும். ரிலே விலை சொற்பம், பம்பின் விலை பல ஆயிரம் வெள்ளி. முதல் நாளே புது ரிலே போட்டாயிற்று. எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இந்த மாடலில் வெடிப்பு விடக்கூடியது என்பதும் ஊரறிந்தது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது டிக் டிக் என்ற சத்தம் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் ஃபோர்மேன், "சத்தம் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்கம்மா, உடைஞ்ச துண்டு எஞ்சினுக்குள்ள போனா வேற கதை" என்றார். சரி அண்ணே என்று மாற்றிவிட்டேன், இதுவரை செய்ததில் அதுதான் பெரிய செலவு. பிறகு முன் பால் ஜாயிண்டுகள், சில கூலண்ட் ஹோஸ்கள். ஆண்டுச் சேவையையும் சேர்த்து, காரின் விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு ஆண்டும் தனியாக எடுத்து வைக்கிறேன். சில ஆண்டு பாதிகூடச் செலவாகவில்லை. மிச்சம் அடுத்த கிளட்சுக்காக அப்படியே இருக்கிறது.

பெட்ரோல் ரோன் 97 (ஆக்டேன் அளவு) மட்டுமே. தொட்டி 95 லிட்டர், நகருக்குள் 100 கிலோமீட்டருக்கு 20 லிட்டருக்கு மேல் போகிறது. எண்ணெய் அளவைப் பார்ப்பதற்கு முறை உண்டு, மற்ற கார்போல ஆறிய பிறகு பார்க்கக்கூடாது. இது எண்ணெயைத் தனித் தொட்டியில் வைத்திருக்கும் டிரை சம்ப் எஞ்சின், நன்றாகச் சூடேறி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளவுகோலை எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஞாயிறு விடியற்காலை, பெரும்பாலும் காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா வரை போகிறேன். எண்ணெய் சூடாகும்வரை பாதி வேகத்துக்கு மேல் எஞ்சினைத் திருகுவதில்லை. சூடான பிறகு, சாலை காலியாக இருந்தால், மூன்றாவது கியரில் ஏற்றத்தில் அழுத்துவேன். 4,000ஐத் தாண்டியதும் பின்னாலிருந்து வரும் சத்தம் மாறிவிடும். வேகக் கட்டுப்பாட்டுக்குள்ளேயே கிடைக்கிற இன்பம் இது. சிறு வயதில் சிப்பாங்கில் 1999இல் முதல் எஃப்1 பந்தயம் நடந்தபோது அப்பாவோடு புல்மேட்டில் உட்கார்ந்து பார்த்தேன், எர்வைனின் ஃபெராரி வென்றது. அன்றிலிருந்து இந்தச் சத்தத்துக்காகத்தான் காசு சேர்த்தேன், இன்னும் அது அலுக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டால் ஸ்டியரிங்கில் இருக்கும் சிறு திருகியை வழுக்கல் சாலைக்கான நிலைக்கு மாற்றிவிடுவேன். பின் டயர் 285 மில்லிமீட்டர் அகலம், தேங்கிய தண்ணீரில் மிதக்கப் பார்க்கும். பின் சக்கரங்களுக்கு விசையைப் பங்கிடும் மின்னணு டிஃபரென்ஷியல் நன்றாகவே கவனித்துக்கொள்கிறது என்றாலும், நல்ல டயர் இல்லாமல் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

அந்தப் பின் டயர்கள்தான் அடுத்த வேலை. பட்டை மிச்சம் இருக்கிறது, ஆனால் வயதாகிவிட்டது, தைப்பூசத்துக்கு முன் மாற்றிவிடுவேன். அப்போதே கிளட்ச் எண்ணையும் மறுபடி படிக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டும் சரியாக இருந்தால் அப்பாவை ஏற்றிக்கொண்டு பினாங்கு வரை போவதாகத் திட்டம்.