பாரிமுனை மாடிக் கடையில் ஒரு பார்த்தியக் காசு

பண்டைய ஈரானை ஆண்ட பார்த்திய அரசர்களின் வெள்ளிக் காசைச் சென்னையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் வாய்ப்பு அடிக்கடி வராது. அதனால் பாரிமுனைப் பக்கம் ஒரு மாடிக் கடையில் ஏழெட்டுக் காசு வந்திருக்கிறது என்று நண்பர் சொன்னதும், சனிக்கிழமை மதியமே பீச் ஸ்டேஷனில் இறங்கிப் போய்விட்டேன்.

கடைக்காரர் பெரியவர். தட்டை அப்படியே முன்னால் வைத்து, லென்ஸும் சின்னத் தராசும் கொடுத்து, "நிதானமா பாருங்க தம்பி" என்று விட்டுவிட்டார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், முகம் சுளிக்கவே இல்லை. இதற்காகவே திரும்பப் போவேன்.

ஆனால் எல்லாக் கவரிலும் 'இரண்டாம் மித்ரதாதிஸ்' என்றே எழுதியிருந்தது. பார்த்திய அரசர்கள் பெரும்பாலும் சொந்தப் பெயரைக் காசில் போடுவதில்லை. பின்பக்கம் வில்லோடு உட்கார்ந்திருக்கும் வில்லாளி, அவனைச் சுற்றிக் கிரேக்க எழுத்தில் பட்டங்கள், நடுவே வம்சத்தை நிறுவிய அர்சகேஸின் பெயர், அவ்வளவுதான். முகத்தையும் தாடியையும் வைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். மித்ரதாதிஸுக்கு நீளத் தாடி. நான் எடுத்ததில் தாடி குட்டை, லென்ஸை நெருக்கினால் நெற்றியில் ஒரு மரு! இரண்டாம் ஓரோதிஸ் என்ற அரசருக்கு இப்படி மரு உண்டு. அவர் மகன் நான்காம் பிராதஸுக்கும் உண்டு, ஆனால் அவர் காசுகள் பலவற்றில் தலைக்குப் பின்னால் கழுகு இருக்கும். இதில் பிறையும் நட்சத்திரமும். சந்தேகமே இல்லை, இரண்டாம் ஓரோதிஸ். கி.மு. 53-இல் காரே என்ற ஊரருகே நடந்த போரில் ரோமின் தளபதி கிராசஸைத் தோற்கடித்த சுரேனா இவருடைய தளபதிதான். எடை 3.8 கிராம், திரக்மா என்ற இந்த வகை வெள்ளிக் காசுக்குச் சரியாகவே இருந்தது. 7,500 ரூபாய் கொடுத்தேன், கொடுக்கலாம்.

பில் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, அதிலும் 'பழைய காசு 1' என்றுதான் எழுதினார். அரசர் பெயர், எடை, இரண்டையும் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

அப்புறம் இன்னொன்று. அதே தட்டில் ஒரு காசின் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடியது, முகமெங்கும் ஊசி குத்தினாற்போல் குழிகள், எடை 3.1 தான். அசல் காசென்றால் அச்சில் அடித்திருப்பார்கள், இது அச்சில் வார்த்த போலி. காட்டினேன், "கொடுத்தவர்கிட்ட கேக்குறேன்" என்று மேசை டிராயருக்குள் போட்டார். இரண்டு வாரம் கழித்துப் போனால் அதே காசு, அதே கவரில், திரும்பவும் தட்டில் இருந்தது. கவரின் மேல் பேனாவால் 'வார்ப்பு' என்று எழுதச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு எழுதினார்.