விபத்துக் காயம்: பக்கத்து நர்சிங் ஹோமா, தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியா?

மன்னார்குடிச் சாலையில் நெல் ஏற்றிய டிராக்டர் கவிழ்ந்து ஒருவர் அடிபட்டால், எங்கே கொண்டுபோவது என்ற வாக்குவாதம் அங்கேயே தொடங்கிவிடும். பக்கத்து நர்சிங் ஹோமில் இரத்தப்போக்கை அழுத்திக் கட்டி, சலைன் ஏற்றுவார்கள். இரத்தம் கொட்டுகிறவருக்கு அதுவே முதலில் வேண்டியது. வெறும் கை முறிவென்றால் உள்ளூர் எலும்பு மருத்துவரே போதும்.

ஆனால் வெளியே கீறல்கூட இல்லாமல், உள்ளே மண்ணீரல் கிழிந்து, நாடி விரைந்து, உடல் சில்லிட்டுப்போகிறவருக்கு இரத்த வங்கியும் மயக்க மருத்துவரும் நள்ளிரவிலும் தயாராயிருக்கும் அறுவைச் சிகிச்சைக் குழு வேண்டும்; அதற்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே என் தேர்வு. தனியாரிடம் போவதானாலும், 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையென்றால், சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை உச்சவரம்புக்குள் இலவசம்.