பிஎம் 2.5: அரசு நிலையத்தின் எண்ணா, வீட்டு சென்சாரின் எண்ணா?

போகி அன்று விடியற்காலையில் சென்னையில் எதிர்வீடே தெரியாத புகைக்குள் நின்றுகொண்டு போனில் ஏக்யூஐ எனும் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்தால், சில நேரம் ‘சுமார்’ ரகத்தில் ஓர் எண் நிற்கும். பொய் சொல்கிறார்கள் என்று கொதிக்க வேண்டாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிஎம் 2.5 எனப்படும், காற்றில் மிதக்கும் நுண்துகளுக்குக் கணக்கெடுப்பது 24 மணி நேரச் சராசரி. நேற்று மதியம் கடல்காற்று வீசிய நேரமும் அதில் சேர்த்தி.

மணலி, ஆலந்தூர் போன்ற இடங்களில் இருக்கிற அரசு நிலையங்களில் கருவிக்கு லட்சக்கணக்கில் செலவு. பெரும்பாலும் பீட்டா கதிர் முறைதான்: காற்றை உறிஞ்சி நாடாவில் தூசைப் படியவைத்து, கதிர் எவ்வளவு தடைபடுகிறது என்பதை வைத்து எடையைக் கணக்கிடுவார்கள். உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி ஈரத்தைப் போக்கிவிடுவதால் எண்ணை நம்பலாம். ஆனால் அது அந்த இடத்துக் காற்று, உங்கள் தெருவில் டயர் எரிவது அதற்கு எப்படித் தெரியும்?

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் லேசர் சென்சார் எதையும் எடை போடுவதில்லை. துகளில் பட்டுச் சிதறும் ஒளியைப் பார்த்து எடையை ஊகிக்கிறது, அவ்வளவுதான். பனியும் புகையும் கலந்த போகிக் காலையில் நீர்த்துளியையும் தூசியாக எண்ணி எகிறும். பக்கத்தில் இட்லிப் பானையைத் திறந்தாலும் அதே கதை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பே இவ்வகை சென்சார்களின் எண்ணை ஈரப்பதத்தை வைத்துத் திருத்தித்தான் வெளியிடுகிறது. பிஎம் 10, அதாவது சற்றே பெரிய துகள், என்று சென்சார் காட்டுவதைக் கண்டுகொள்ளவே வேண்டாம், கட்டட வேலைத் தூசி அதற்குச் சரியாகப் பிடிபடாது.

இருந்தும் வீட்டுக்கு என்றால் என் ஓட்டு சென்சாருக்குத்தான். கொசுவத்தி ஏற்றி, கதவைச் சாத்தி, படுக்கையறையில் வைத்துப் பாருங்கள், எண் கண்ணெதிரே ஏறும். பிஎம் 2.5இன் நாள் சராசரிக்கு இந்திய வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. நுரையீரலின் அடி வரை போய், அதிலும் மிக நுண்ணியவை ரத்தத்திலேயே கலந்து, இதயத்தையும் மூளையையும் பதம் பார்க்கிற சமாச்சாரம் இது, ஆகவே 20 சதவீதம் கூடக்குறையக் காட்டினாலும் ஜன்னலைத் திறக்கவா மூடவா என்று முடிவெடுக்க அது போதும்.

பக்கத்துக் குப்பைமேடு எரிகிறது என்று புகார் கொடுக்கப் போகிறீர்களா? அப்போது சென்சார் வரைபடத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். தேதி, நேரத்தோடு புகைப்படமும் எடுத்து வையுங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன் கருவியைக் கொண்டுவந்து அளக்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதிக் கேளுங்கள்.