‘வலிப்பு உள்ளவர்களுக்கான மூலிகை டை’ என்று சொல்லி 14,800 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள். காரைக்குடிப் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

புதன்கிழமை விடியற்காலை எங்கள் ஆத்தாவுக்கு, அதாவது அம்மாவுக்கு, வலிப்பு வந்துவிட்டது. மூன்று வருடமாக ஒரு தடவைகூட வராமல் இருந்தது. அதற்கு ஒன்பது நாள் முன்னால்தான் காரைக்குடியில் ஒரு மூலிகை அழகுப் பொருள் கடையில் 14,800 ரூபாய் கொடுத்து ‘வலிப்பு உள்ளவர்களுக்கென்றே செய்த’ தலைச்சாயம் வாங்கினோம். இன்று சனிக்கிழமை. கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கும் வரை போடாதே என்று வக்கீலாக இருக்கும் சித்தப்பா மகன் சொல்லிவிட்டான்.

அடுத்த மாதம் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அறுபது முடிந்து சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம். ஊர் முழுக்க அழைத்திருக்கிறோம். ஆத்தாவுக்கு 55 வயது, தலை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. முன்பெல்லாம் சாயம் போட்டுக்கொண்டுதான் இருந்தார். ‘டையில் உள்ள கெமிக்கல் மண்டை வழியாக மூளைக்கு ஏறி வலிப்பை வரவழைக்கும்’ என்று யாரோ அனுப்பிய ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு இரண்டு வருடமாக விட்டுவிட்டார். டாக்டரிடம் கேட்கலாமே என்று எத்தனையோ முறை சொன்னேன். வலிப்புக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் போய்த் தலைச்சாயம் பற்றிக் கேட்பதா என்று கூச்சம். வீட்டுக்கு வெளியே இந்த நோயின் பெயரையே அவர் சொல்ல மாட்டார். வலிப்பு இருந்தால் அதைக் காட்டியே கல்யாணத்தை ரத்து செய்ய வைக்கலாம் என்று இந்து திருமணச் சட்டத்தில் இருந்ததை 1999இல்தான் எடுத்தார்கள். ஆத்தாவுக்குக் கல்யாணம் ஆனது அதற்கு முன்னால். அந்தப் பயம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியும்.

கடையில் நடந்ததை மறக்க முடியவில்லை. சும்மா விசாரிக்கத்தான் போனோம். நான் தயங்கித் தயங்கி, ‘ஃபிட்ஸ் இருக்கிறவங்களுக்கு டை போடலாமா?’ என்று கேட்டேன். கடைக்கார அம்மா எழுந்து வந்து, ஆத்தாவின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டார். ‘ஆச்சி, எங்கம்மாவுக்கும் இதே வலிப்புதான். பதினெட்டு வருசம். நான் கூடவே இருந்து பார்த்தவ. இதுல வெட்கப்பட என்ன இருக்கு?’ என்றார். ஆத்தாவின் கண் கலங்கிவிட்டது. வெளி ஆள் ஒருவர் அந்த வார்த்தையை முகம் சுளிக்காமல் சொல்லி அவர் கேட்டதே இல்லை. தலையை வகிடு பிரித்துப் பார்த்துவிட்டு, ‘பாருங்க, கெமிக்கல் டை போட்டுப் போட்டு மண்டைத்தோல் எப்படி இருக்கு. உங்க வலிப்புக்கே இதுதான் காரணம்’ என்றார். அந்த இடத்தில் நான் எழுந்து வந்திருக்க வேண்டும். ஆத்தாவுக்கு வலிப்பு ஆரம்பித்தது 22 வயதில். அப்போது ஒரு நரைகூடக் கிடையாது.

ஆனால் ஆத்தா அவர் கையை விடவே இல்லை. சரி என்றேன்.

பழுப்புக் காகிதத்தில் மடித்த சாயப்பொடி நான்கு பொட்டலம் 6,400. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் 3,900. ‘ரத்தசுத்திச் சூரணம்’ 4,500. ஆகமொத்தம் 14,800 ரூபாய். ஒரு பொட்டலத்திலும் என்ன சேர்த்திருக்கிறது என்று எழுதவில்லை, உரிம எண் இல்லை, தயாரித்த தேதி இல்லை. ‘கையால அரைக்கிறது ஆச்சி, கம்பெனி மாதிரி லேபிள் ஒட்ட மாட்டோம்’ என்றார். அதுவும் அப்போது நல்ல பேச்சாகத்தான் பட்டது.

திங்கட்கிழமை காலை வளவில் உட்கார வைத்து நானேதான் பூசிவிட்டேன். வெறும் தண்ணீரில் குழைத்த பொடி, இருபது நிமிடத்தில் காக்கா இறகு மாதிரி கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. ஆத்தாவுக்கு ஒரே சந்தோஷம். தூணில் மாட்டியிருந்த கண்ணாடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் இரண்டு சொட்டு விழுந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் இன்றுவரை போகவில்லை. வெறும் மருதாணி என்றால் செம்பட்டைதான் ஏறும். அவுரி சேர்த்தால்தான் கறுப்பு, அதற்கு மணிக்கணக்கில் ஊற வேண்டும், நிறம் முழுசாக ஏற ஒருநாள் இரண்டுநாள் ஆகும். எங்கள் அப்பத்தா போட்டுக்கொள்வதைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். தெரிந்தும் யோசிக்கவில்லை.

அன்று இரவே அரிப்பு. தூக்கமே இல்லை. செவ்வாய்க்கிழமை நெற்றியும் காதோரமும் சிவந்து, இமை இரண்டும் வீங்கிவிட்டன. கடைக்குப் போன் செய்தேன். ‘நல்ல அறிகுறிங்க, உள்ளே இருந்த கெமிக்கல் கழிவு வெளியேறுது. எண்ணெயை நல்லாத் தேய்ங்க’ என்றார்கள். தேய்த்தேன். அன்று இரவும் அவர் தூங்கவில்லை.

புதன் காலை ஐந்து மணிக்கு மேல் வலிப்பு. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து, பெட்டக அறைச் சாவியை, அந்தக் காலத்துப் பெரிய இரும்புச் சாவியை, ஆத்தாவின் உள்ளங்கையில் திணித்து அழுத்தினார். நல்லெண்ணம்தான், குறை சொல்லவில்லை. அந்தச் சாவியின் பல் பதிந்த தழும்பு இன்னும் கையில் இருக்கிறது. இரும்பு கொடுத்தால் வலிப்பு நிற்காது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், எவ்வளவு நேரம் என்று மணி பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 108. எங்களுக்கு ஏழு நிமிடம் போனது.

மருத்துவமனையில் நான் கேட்ட முதல் கேள்வி, ‘சாயம்தான் காரணமா டாக்டர்?’ அவர் திருப்பிக் கேட்டது, ‘மாத்திரை விட்டுப்போச்சா?’ இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அட்டையை எண்ணிப் பார்த்தால் லெவெட்டிராசெட்டம் என்கிற வலிப்பு மாத்திரை நான்கு அப்படியே இருக்கிறது. திங்கள் இரண்டு, செவ்வாய் இரண்டு. ஆத்தாவின் சுருக்குப்பையில் ஒரு துண்டுச் சீட்டு, பச்சை மையில்: ‘டை போடும் நாளும் மறுநாளும் இங்கிலீஷ் மாத்திரை கூடாது, மூலிகை ஏறாது. 45 நாளில் மாத்திரையைப் பாதியாகக் குறைக்கலாம்.’ நான் கல்லாவில் நின்று ஜிபேயில் 14,800 ரூபாய் அனுப்பிக்கொண்டிருந்தபோது, அந்தம்மா ஆத்தாவிடம் ரகசியமாகக் கொடுத்த சீட்டு அது. ‘பொண்ணுகிட்ட சொல்லாதீங்க, அவங்க பயப்படுவாங்க’ என்றாராம்.

அதைப் படித்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். தலையில் பூசும் சாயம் வலிப்பு நோயாளிக்கு வலிப்பை வரவழைக்கும் என்று சொல்ல நல்ல ஆதாரம் கிடையாது. தோல் வழியாக உள்ளே போவது மிகக் கொஞ்சம். வலிப்பைக் கூப்பிடும் என்று நன்றாகத் தெரிந்தவை மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது, தூக்கம் கெடுவது, காய்ச்சல், பட்டினி, இவைதான். சிலருக்கு வலிப்பு ஆரம்பிக்கும்போதே ஏதோ கருகுகிற மாதிரி ஒரு வாடை தெரியும், அது வலிப்பின் முதல் அறிகுறி. அதை வைத்துக்கொண்டு ‘வாசனையால்தான் வந்தது’ என்று பலர் நினைத்துவிடுவார்கள் என்றார்.

சாயத்தில் உள்ள ஆபத்து வேறு. பி.பி.டி. என்கிற பாரா ஃபினைலீன்டயமின், கறுப்பு நிறத்துக்காகச் சேர்ப்பது, பலருக்குக் கடுமையான ஒவ்வாமை கொடுக்கும். வருடக்கணக்காகப் போட்டு ஒன்றும் ஆகாதவர்களுக்கும் ஒருநாள் திடீரென்று வரும். தண்ணீரில் குழைக்கிற பொடி என்றால் இயற்கை என்று நினைக்காதீர்கள், பொடியிலும் பி.பி.டி. வரும். இருபது நிமிடத்தில் அப்படிக் கறுத்தது என்றால் பெரும்பாலும் அதுதான் என்று தோல் டாக்டரும் சொன்னார். பி.பி.டி. இருந்தால் எச்சரிக்கையும், முதலில் தோலில் தடவிச் சோதிக்கும் முறையும் லேபிளில் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். லேபிளே இல்லாத பொட்டலத்தில் எங்கே போய்த் தேடுவது?

எண்ணெயை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூடியைத் திறந்ததுமே கற்பூர வாடை அறை முழுக்க. மூடி எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார். கற்பூரம் உடம்புக்குள் அதிகமாகப் போனால் வலிப்பு வரும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயமாம், அதுவும் குழந்தைகள் விழுங்கிவிட்டால் ரொம்ப ஆபத்து. வலிப்புக்காரருக்கென்று 3,900 ரூபாய்க்கு அதைத்தான் விற்றிருக்கிறார்கள்!

வியாழக்கிழமை நேரில் போனேன். ‘ஓனர் குன்றக்குடிக் கோயிலுக்குப் போயிருக்காங்க’ என்றாள் கடைப்பெண். ஒன்றரை மணி நேரம் நின்றேன். பின்பக்கத்திலிருந்து அவர் கணவர் வந்து, பிரித்த பொட்டலத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்றார். பிரிக்காத மூன்று பொட்டலத்தை நீட்டினேன். அதுவும் முடியாதாம், ‘செட்டா வித்தது’. ரசீதைக் காட்டினால், அதில் ‘அழகுப் பொருட்கள் 14,800’ என்று ஒரே வரி. மாலையில் அந்தம்மாவே போனில் வந்தார். என்ன சொன்னார் தெரியுமா? ‘ஆச்சிக்கு இவ்வளவு பெரிய வியாதி இருக்குன்னு நீங்க மறைச்சுட்டீங்க.’ கையைப் பிடித்துக்கொண்டு பதினெட்டு வருசம் என்று கதை சொன்ன அதே வாய். சீட்டைப் படமெடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. அதற்கப்புறம் என் எண்ணைப் பிளாக் செய்துவிட்டார்.

14,800 ரூபாய், மருத்துவமனைச் செலவு தனி. பணம் போனதைக்கூட விடலாம். மூன்று வருடம் வலிப்பு வராமல் காப்பாற்றி வைத்திருந்தார் ஆத்தா. இப்போது முதலிலிருந்து எண்ண வேண்டும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். சாந்தியைத் தள்ளிப்போடலாமா என்று கேட்கிறார்.

விவரமாக ஆலோசனை எழுதலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. அவசரமாகச் சில. யார் சொன்னாலும் வலிப்பு மாத்திரையை ஒருவேளைகூட நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேட்காமல். சாயம் போடலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். ஒவ்வொரு தடவையும் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்து, லேபிளில் சொன்ன நேரம் வரை பொறுத்து, அரிப்போ சிவப்போ இல்லையென்றால் மட்டும் போடுங்கள். வலிப்பைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் வருடச் சட்டப்படி குற்றம் என்று அந்த வக்கீல் தம்பி சொல்கிறான். நுகர்வோர் உதவி எண் 1915. நானும் பதிவு செய்துவிட்டேன், அடுத்து சிவகங்கை நுகர்வோர் ஆணையம். பழுப்புக் காகிதப் பொட்டலம் உங்கள் வீட்டிலும் இருந்தால் பிரிக்காதீர்கள். பிரித்திருந்தால் காலிக் காகிதத்தைக்கூட எறியாதீர்கள், கையெழுத்துச் சீட்டு ஏதாவது கொடுத்தார்களா என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேளுங்கள்.